மார்மன் சபையில் சேர்ந்த மகன் தாத்தாவின் பெயரைக் கேட்கிறான்

முதலூர்ப் பேத்தி (பாளையங்கோட்டை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பிறந்த ஊர் முதலூர், இருப்பது பாளையங்கோட்டை. சின்ன வயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தவள். என் மகன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் லீகை என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் போனில் பேசும்போது, “அம்மா, நம்ம தாத்தா, அவருக்கு அப்பா, அவருக்கு அப்பா, எல்லார் பேரும் பிறந்த தேதியும் வேணும்” என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அங்கே போன பிள்ளைகள் ஊரையே மறந்துவிடுகிற காலத்தில் இவன் பூட்டன் பெயரைக் கேட்கிறானே என்று நினைத்தேன். பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, பழைய குடும்ப வேதாகமத்தை எடுத்தேன். முன்பக்கத்தில் மையால் எழுதியிருக்கிறது: பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், மரணம். 1874ல் பிறந்த பூட்டனார் வரைக்கும் தேதி கிடைத்தது. ஆண்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. பூட்டனாரின் மனைவி பெயர் மட்டும் இல்லை, “மனைவி” என்று எழுதி அதன் பக்கத்தில் வெறும் இடம் விட்டிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு இப்போது 84 வயது. கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவர் கதையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாதிப் பெயர்களை எழுதி அனுப்பியும் விட்டேன்.

அப்புறம்தான் ஒரு சொந்தக்காரர் சொன்னார். உன் மகன் அங்கே மார்மன்களோடு சேர்ந்துவிட்டான் போல, அவர்கள் செத்துப்போனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள், அதற்குத்தான் பெயர் கேட்கிறான் என்றார். மகனிடம் நேரே கேட்டேன். மறைக்கவில்லை. போன வருஷமே அந்தச் சபையில் ஞானஸ்நானம் வாங்கிவிட்டதாகச் சொன்னான். முதலூர்க் கோயிலில், கைக்குழந்தையாக, என் அப்பா மடியில் வைத்து அவனுக்கு வாங்கிய ஞானஸ்நானம் இருக்கிறதே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவன் அழுதுவிட்டான். நானும்தான்.

அன்றையிலிருந்து அம்மா பெயர் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். என் அப்பா 2011ல் காலமானார். ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். மகன் அவர் கைபிடித்து வளர்ந்தவன். “ஏட்டி, உங்க அப்பா எந்தக் குறையில செத்தாருன்னு இவன் மறுபடி முக்கி எடுக்கான்?” என்று அம்மா கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தச் சபையை யார் ஆரம்பித்தது, அவர்கள் உண்மையில் என்னதான் நம்புகிறார்கள், செத்தவர்களுக்கு ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் வருகிற “ஏழு பெண்டாட்டிக்காரர்கள்” செய்தியெல்லாம் பார்த்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என் பிள்ளையோடு பேச முடியாது. விவரமாகத் தெரிந்தவர்கள், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.


சாயர்புரம் சார் எழுதியது:

அம்மா, கல்லூரியில் சரித்திரம் நடத்தியவன் நான். உங்களைப் போல சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைதான். உங்கள் கேள்விக்கு விடை அந்தச் சபையின் முதல் ஆளுடைய வீட்டிலேயே இருக்கிறது. அதனால் கதையை அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஜோசப் ஸ்மித் 1805 டிசம்பர் 23ஆம் தேதி வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். கடனிலும் விளைச்சல் பொய்த்ததிலும் நொந்துபோன விவசாயக் குடும்பம். பிழைப்புக்காக நியூயார்க் மாநிலத்தில் பல்மைரா பக்கம் குடிபெயர்ந்தார்கள். அந்தப் பகுதியில் அப்போது எழுப்புதல் கூட்டங்கள் ஓயாமல் நடந்தன. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன் என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். எந்தச் சபை சரி என்று பையனுக்குக் குழப்பம். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்ற யாக்கோபு 1:5 வசனத்தைப் படித்துவிட்டு, 1820ல் 14 வயதில் ஒரு தோப்புக்குள் போய் முழங்கால் போட்டதாகப் பின்னாளில் எழுதினார். பிதாவும் குமாரனும் தனித்தனி ஆளாகத் தோன்றி, எந்தச் சபையிலும் சேராதே என்று சொன்னதாக அவர் சாட்சி. அதே 1820ல்தான் ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கினார். நம் பக்கத்தில் சபைகள் ஊர் ஊராக முளைத்துக்கொண்டிருந்த அதே காலம் அது.

1823 செப்டம்பரில் மரோனி என்ற தூதன் வந்து, அருகிலுள்ள குன்றில் பொன் தகடுகள் புதைந்திருப்பதாகச் சொன்னான் என்பது அடுத்த சம்பவம். இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே வருஷம் நவம்பரில் ஜோசப்பின் மூத்த அண்ணன் ஆல்வின் 25 வயதில் இறந்துபோனார். குடும்பத்துக்குத் தூணாக இருந்தவர், ஞானஸ்நானம் வாங்காதவர். அடக்க ஆராதனையில் பேசிய போதகர் அவர் நரகத்துக்குப் போனார் என்கிற பொருளில் பேசியதாக அந்தக் குடும்பம் நினைவு வைத்திருந்தது. அந்தச் சொல் அவர்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

12 வருஷத்துக்கு மேல் கழித்து, 1836ல், பரலோகத்தின் உச்ச மகிமையில் ஆல்வினைக் கண்டதாக ஜோசப் சொன்னார். ஞானஸ்நானம் வாங்காதவர் அங்கே எப்படி வந்தார் என்று அவரே ஆச்சரியப்பட்டாராம். சுவிசேஷத்தைக் கேட்க வாய்ப்பில்லாமல் இறந்தவர்கள், கேட்டிருந்தால் ஏற்றிருப்பார்கள் என்றால், அவர்களுக்கும் அந்த ராஜ்யம் உண்டு என்பது அவர் பெற்ற பதில். 1840ல் ஒரு அடக்க ஆராதனையில்தான் அவர் முதல்முறையாக மரித்தவர்களுக்கான ஞானஸ்நானத்தைப் பிரசங்கித்தார். மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றிச் சொல்கிற 1 கொரிந்தியர் 15:29ஐ எடுத்துக்கொண்டார். ஆட்கள் உடனே மிசிசிப்பி ஆற்றில் இறங்கி, இறந்துபோன தாய் தகப்பனுக்குப் பதிலாகத் தாங்கள் முழுக்கு வாங்கினார்கள். பின்னால் அது ஆலயத்துக்குள் மட்டும் நடக்க வேண்டும் என்று ஆயிற்று. சாலொமோன் ஆலயத்தில் இருந்த வெண்கலக் கடல் என்ற பெரிய தொட்டி போல, 12 எருதுகள் தாங்குகிற தொட்டியில் நடக்கிறது. அந்த வசனத்தை நான் அவர்கள் படிக்கிற மாதிரி படிப்பதில்லை. ஆனால் இந்தப் போதனை ஒரு சாவு வீட்டின் அழுகையிலிருந்து வந்தது என்பதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1827ல் தகடுகளைப் பெற்றதாகவும், தேவ வல்லமையால் மொழிபெயர்த்ததாகவும் ஜோசப் சொன்னார். கல்லைத் தொப்பிக்குள் வைத்து, அதைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள் என்று அவர்கள் சபையே இப்போது ஒத்துக்கொள்கிறது. பெரும்பகுதியை எழுதியவர் ஆலிவர் கௌடரி, பள்ளிக்கூட வாத்தியார். அச்சுச் செலவு 3,000 டாலருக்கு மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தை அடமானம் வைத்தார். 1830 மார்ச்சில் 5,000 பிரதிகள் வந்தன. அதுதான் மார்மன் புத்தகம். கி.மு. 600 வாக்கில் எருசலேமிலிருந்து லீகை என்ற தீர்க்கதரிசி குடும்பத்தோடு கடல் கடந்து அமெரிக்கா போனார், அந்த வம்சத்தாருக்கு உயிர்த்தெழுந்த இயேசு தரிசனம் கொடுத்தார் என்பது அதன் கதை. உங்கள் மகன் இருக்கிற ஊரின் பெயரே அந்த லீகைதான். அந்த வரலாற்றைச் சுருக்கித் தகடுகளில் எழுதியவர் பெயர் மார்மன். தொல்லியல் அறிஞர்கள் இந்தக் குடியேற்றத்தை ஏற்பதில்லை. கௌடரி, ஹாரிஸ், டேவிட் விட்மர் மூன்று பேரும் தகடுகளைத் தூதன் காட்டக் கண்டோம் என்று கையெழுத்திட்டார்கள். மூவருமே பின்னால் ஜோசப்போடு முறித்துக்கொண்டு சபையை விட்டு வெளியேறினார்கள். ஆனால் சாகும்வரை அந்தச் சாட்சியை ஒருவரும் மறுக்கவில்லை. கௌடரியும் ஹாரிஸும் கடைசியில் திரும்பி வந்தார்கள். சரித்திர வாத்தியாராக நான் அதிகம் யோசித்த இடம் இது.

1830 ஏப்ரல் 6ல் சபை முறைப்படி தொடங்கியது. அங்கிருந்து ஒஹாயோ, மிசௌரி, இல்லினாய் என்று துரத்தப்பட்டுக்கொண்டே போனார்கள். 1838ல் மிசௌரி ஆளுநர், மார்மன்களை மாநிலத்தை விட்டு விரட்டு, இல்லையேல் அழித்துவிடு என்றே உத்தரவு போட்டார். மூன்றே நாளில் ஹான்ஸ் மில் என்ற குடியிருப்பில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். இல்லினாயில் நாவூ என்ற ஊரைக் கட்டினார்கள். பலதார மணம் அங்கே இரகசியமாகப் பரவியது. ஜோசப்புக்கு 30க்கு மேற்பட்ட மனைவிகள், அதில் 15 வயது நிரம்பாத பெண்ணும் ஒருத்தி என்று 2014ல் சபையே எழுதியது. மனைவி எம்மா அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜோசப்பை எதிர்த்து வெளிவந்த ஒரு பத்திரிகையின் அச்சகத்தை நகரசபை உடைக்க, மேயராக இருந்த அவர் கார்த்தேஜ் சிறைக்குப் போனார். 1844 ஜூன் 27ல் முகத்தில் கரி பூசிய கும்பல் புகுந்து அவரையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. அவருக்கு வயது 38.

பிரிகம் யங் தச்சு வேலை செய்தவர். அவர்தான் மக்களை 1846ல் மேற்கே கிளப்பி, 1847 ஜூலை 24ல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் கொண்டு சேர்த்தார். எம்மா அவரோடு போகவில்லை. எம்மாவின் மகன் தலைமையில் 1860ல் இன்னொரு சபை உருவானது. யங் நல்ல நிர்வாகி. ஆனால் அவர் காலத்தில்தான் பலதார மணம் பகிரங்கமானது, 1857ல் மௌண்டன் மெடோஸில் வழிப்போக்கர்கள் சுமார் 120 பேரை மார்மன் படை கொன்றதும் நடந்தது. 1890ல் நாலாவது தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் பலதார மணத்தை நிறுத்தினார். இப்போது அப்படிச் செய்தால் சபையை விட்டு நீக்கம். வாட்ஸ்அப் செய்திக்கு இதுவே பதில். அதே உட்ரஃப்தான் 1894ல், அவரவர் சொந்த முன்னோர் பெயரைத் தேடுங்கள் என்று சபைக்குச் சொன்னார். உங்கள் வீட்டுப் பரணுக்கு அந்தத் தேடல் வந்து சேர 130 வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சால்ட் லேக்கில் 1849ல் முதல் ஓய்வுநாள் பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தியவர் ரிச்சர்ட் பாலன்டைன். அவர் 1853ல் மதராசுக்கு ஊழியராக வந்தார். அங்கே பத்திரிகையும் அச்சிட்டார். பலன் அதிகம் கிடைக்காமல் அடுத்த வருஷம் திரும்பிவிட்டார்.


வடக்கன்குளத்தான் (யூட்டா) எழுதியது:

அக்கா, நான் கத்தோலிக்கன். பத்து வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். சார் வரலாறு சொல்லிவிட்டார், நான் பக்கத்து வீட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விதி. இது உங்களுக்கு மிக முக்கியம். பெயரைக் குடும்ப மரத்தில், அதாவது வம்சாவளிப் பட்டியலில், ஏற்றுவது வேறு, அந்தப் பெயருக்காக ஆலயத்தில் ஞானஸ்நானம் செய்வது வேறு. மரத்தில் மட்டும் ஏற்றி நிறுத்தலாம். ஞானஸ்நானம் செய்ய வேண்டுமானால், இறந்தவர் கடந்த 110 வருஷத்துக்குள் பிறந்தவராக இருந்தால், உயிரோடு இருக்கிற மிக நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும். முதல் உரிமை கணவனுக்கோ மனைவிக்கோதான். ஆக உங்கள் அப்பா விஷயத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர் உங்கள் அம்மா, அந்த ஆச்சிதான். நீங்களும் இல்லை, உங்கள் மகனும் இல்லை. இதை ஆச்சியிடம் சொல்லுங்கள்.

செய்தாலும்கூட, இறந்தவரைச் சபை உறுப்பினர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருடைய ஆவி ஏற்றுக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பதுதான் அவர்கள் போதனை. இதில் அவர்கள் தவறியதும் உண்டு. நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயர்களுக்கெல்லாம் செய்துவிட்டு, யூதர்கள் கொதித்தெழுந்த பிறகு 1995ல் இனி செய்யமாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2008ல் வத்திக்கான், பங்குக் கோயில்களின் பதிவேடுகளை அவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்று மேற்றிராசனங்களுக்கு (மறைமாவட்டங்களுக்கு) எழுதியது. ஆகவே ஆச்சியின் கோபம் தனிக் கோபம் இல்லை.

ஆட்களைப் பற்றிக் கேட்டால் நல்லதுதான் சொல்வேன். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது எட்டு நாள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். என்னைச் சபைக்குக் கூப்பிடக்கூட இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், இரண்டு வேளைச் சாப்பாட்டின் காசை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைக் கறாராகக் கொடுக்கிறார்கள். உள்ளூர்ச் சபையை நடத்துகிற பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. என் தெருவில் பிஷப்பாக இருந்தவர் பல் மருத்துவர். சாராயம், புகையிலை, காப்பி, தேயிலை நான்கும் கிடையாது. 1833ல் வந்த வெளிப்படுத்தல் அது. திருவிருந்தில் திராட்சரசத்துக்குப் பதில் தண்ணீர்.

கோயில் என்று இரண்டு வகை உண்டு. ஞாயிறு ஆராதனைக்கூடத்துக்கு யாரும் போகலாம். ஆலயம் என்று அவர்கள் சொல்வதற்குள், பிரதிஷ்டைக்குப் பிறகு, தகுதிச்சீட்டு வாங்கிய உறுப்பினர்கள் மட்டுமே போக முடியும். பிள்ளையின் ஆலயக் கல்யாணத்துக்கு உறுப்பினர் இல்லாத பெற்றோர் வெளியே நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2019லிருந்து, முதலில் எல்லோர் முன்னும் கல்யாணம், பிறகு காத்திருக்காமல் ஆலயத்தில் முத்திரை என்ற நித்தியக் கல்யாணச் சடங்கு என்று வழி விட்டிருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு நாளைக்குக் கல்யாணம் வரும்போது இது தெரிந்திருக்கட்டும்.

கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை அந்தச் சபை ஆசாரியத்துவம், அதாவது குருத்துவ அதிகாரம், கொடுக்கவில்லை. எனக்கு அது பெரிய உறுத்தல். ஆனால் என் ஊரில் சாதிக்கு ஒரு பக்கம் என்று கோயிலுக்குள் சுவர் நின்று 1910ல்தான் இடிந்தது. அதை நினைத்தால் அடுத்தவரைப் பார்த்துக் கையை நீட்ட எனக்கு வாய் வரவில்லை.


நாசரேத் தம்பி எழுதியது:

அக்கா, கோபப்படாதீர்கள். இங்கே எல்லோரும் மென்மையாகப் பேசுகிறார்கள், ஒருவர் நேராகச் சொல்ல வேண்டும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்று நம் சபைகள் சொல்கிற நிசேயா விசுவாசப்பிரமாணத்தை அவர்கள் ஏற்கவில்லை. பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டு என்கிறார்கள். மனிதன் தேவனைப்போல ஆகலாம் என்கிறார்கள். வேதாகமத்துக்கு மேல் மூன்று நூல்களை வேதமாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001ல் கத்தோலிக்கத் திருச்சபையும் சொல்லிவிட்டது. நல்ல மனிதர்கள் என்பது வேறு, நம் விசுவாசம் அதுதானா என்பது வேறு. உங்கள் மகனை நேசியுங்கள். ஆனால் வித்தியாசமே இல்லை என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.


முதலூர்ப் பேத்தி எழுதியது:

சாருக்கும் தம்பிகள் இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. ஆல்வின் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அந்த ஐயர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார்கள். சம்மத விதியைக் கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நாசரேத் தம்பி, கோபம் இல்லை. இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். உள்ளே இருக்கிறவர்கள் யாராவது இருந்தால், தேவனைப் பற்றி அவர்கள் நம்புவதை அவர்கள் வாயாலேயே கேட்க ஆசை.


தச்சநல்லூர் தங்கை எழுதியது:

அம்மா, நான் அந்தச் சபைதான். பெங்களூரில் படிக்கும்போது, 21 வயதில் சேர்ந்தேன். எட்டு வருஷம் ஆகிறது. வீட்டில் நடந்த சண்டையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். அதனால் உங்கள் மகன் அழுததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

நாசரேத் அண்ணன் சொன்ன வித்தியாசங்கள் உண்மைதான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்று, ஆனால் தனித்தனி என்று நம்புகிறோம். நிசேயாவின் வார்த்தைகள் எங்களுக்கு இல்லை. ஆனாலும் இயேசு என் பாவத்துக்காக மரித்தார், உயிர்த்தெழுந்தார், அவர் மூலமாகவே இரட்சிப்பு என்று நான் தினமும் ஜெபிக்கிறேன். என்னைக் கிறிஸ்தவள் இல்லை என்று சொன்னால் வலிக்கும். 2018ல் எங்கள் தலைவர், மார்மன் என்ற பட்டப்பெயரை விட்டுவிட்டு, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப் பெயரையே சொல்லச் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

அப்போஸ்தலர்களுக்குப் பிறகு ஆசாரியத்துவ அதிகாரம் பூமியில் இல்லாமல் போனது, 1829ல் யோவான் ஸ்நானன் வந்து ஜோசப்புக்கும் ஆலிவருக்கும் ஆரோனின் ஆசாரியத்துவத்தைத் தந்தார், பிறகு பேதுரு, யாக்கோபு, யோவான் வந்து மெல்கிசேதேக்கின் ஆசாரியத்துவத்தைத் தந்தார்கள் என்பது எங்கள் நம்பிக்கையின் அடித்தளம். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. உங்கள் மகனுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தது முதலூரில் கொடுத்த குருவானவரை அவமதிக்க இல்லை. அந்த அதிகாரத்தோடு கொடுப்பது மட்டுமே செல்லும் என்று நம்புவதால். இது உங்களுக்கு வருத்தம் தரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். குழந்தைகளுக்கு நாங்கள் கொடுப்பதில்லை, எட்டு வயதுக்குப் பிறகுதான். அதற்கு முன் இறக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தேவையில்லை, அது நேரே கிறிஸ்துவிடம்.

பிறப்பதற்கு முன்பே நாம் தேவனுடைய பிள்ளைகளாக அவரோடு இருந்தோம் என்று நம்புகிறோம். மரணத்துக்குப் பிறகு சூரியன், சந்திரன், நட்சத்திரங்களின் மகிமை போல மூன்று மகிமைகள் உண்டு. நரகத்துக்கு என்றென்றைக்குமாகப் போகிறவர்கள் மிக மிகச் சிலர். கல்யாணமும் குடும்பமும் சாவோடு முடிவதில்லை, ஆலயத்தில் முத்திரையிட்டால் நித்தியத்துக்கும் நிற்கும். என்னை இழுத்தது இதுதான் அம்மா. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது என் அப்பா இறந்துபோனார்.

உங்கள் மகனும் தாத்தாவை விட மனமில்லாமல்தான் கேட்கிறான் என்று நினைக்கிறேன். ஆச்சி எந்தக் குறை என்று கேட்டார்களே, குறை என்று அவன் நினைத்திருக்க மாட்டான். தாத்தாவோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறான். ஆனால் ஆச்சி வேண்டாம் என்றால் அவன் காத்திருக்க வேண்டும். என் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, நானும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊருக்கு வரும்போது எந்த வீட்டுக்குப் போனாலும் தேயிலையை நீட்டுகிறார்கள். மறுத்தால் மனம் கோணுவார்கள் என்று முதலில் பயந்தேன். இப்போது என் அம்மாவே கருப்பட்டி போட்டுச் சுக்குத் தண்ணீர் வைத்துத் தருகிறார்கள். உங்கள் மகன் வந்தால் அதை வைத்துக் கொடுங்கள்.


சாயர்புரம் சார் எழுதியது:

தங்கை, இவ்வளவு திறந்து எழுதியதற்கு நன்றி. நாசரேத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பிரகாசபுரத்தில் 1857ல் சட்டாம்பிள்ளை ஐயா மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச்சபை கண்டார், சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார். ரேனியஸ் ஐயரும் தன்னை அனுப்பிய மிஷன் சங்கத்தை விட்டு 1835ல் பிரிந்தவர்தான். அப்போது இந்தச் சீமையில் குடும்பங்கள் பிளந்தன. அண்ணன் ஒரு கோயில், தம்பி ஒரு கோயில் என்று போனார்கள். போதனையில் வித்தியாசம் உண்டு என்று தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நல்லது கெட்டதுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் இருந்த வருஷங்களை என் பாட்டி சொல்லிச் சொல்லி அழுவார்கள். அது இந்த அம்மா வீட்டில் வேண்டாம்.


முதலூர்ப் பேத்தி எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மகனை வீடியோவில் கூப்பிட்டு போனை அம்மா கையில் கொடுத்தேன். அம்மா சுற்றி வளைக்கவில்லை. “தாத்தாவுக்கு நீ செய்ய நினைக்கியோ?” என்று கேட்டார்கள். ஆமாம் ஆச்சி என்றான். “அவரு ஞானஸ்நானம் வாங்கினவரு, திடப்படுத்தல் எடுத்தவரு, கடைசி வாரம் வரைக்கும் கோயிலுக்கு நடந்து போனவரு. நான் இருக்குற வரைக்கும் வேண்டாம்யா” என்றார்கள். அவன் வாதாடவில்லை. நீங்க சொல்லாம செய்யவே மாட்டேன் ஆச்சி என்றான். அப்புறம் அம்மா அவனிடம் ஆல்வினைப் பற்றிக் கேட்டார்கள். அவனுக்கு ஆச்சரியம், ஆச்சிக்கு எப்படித் தெரியும் என்று. அரை மணி நேரம் அவன் அந்தக் கதையையே சொன்னான். அவன் சபை விஷயத்தை எங்களிடம் பயமில்லாமல் பேசியது அன்றைக்குத்தான்.

முதலூர் ஞானஸ்நானத்தைப் பற்றி நானும் அவனும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

குடும்ப மரத்தில் பெயர்களை ஏற்ற அம்மா சரி சொன்னார்கள். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், எந்தக் கோயிலில் எந்தத் தேதியில் ஞானஸ்நானம் வாங்கினார்கள் என்பதையும் எழுத வேண்டும். அவன் ஒத்துக்கொண்டான். டிசம்பரில் வருகிறான். மஸ்கோத் அல்வா வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டான்.

நேற்று விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா என்னைத் தட்டி எழுப்பினார்கள். பூட்டனாரின் மனைவி பெயர் நினைவுக்கு வந்துவிட்டதாம். சின்ன வயதில் அந்த ஆச்சி மடியில் படுத்துக் கதை கேட்டதும், அடுத்த வீட்டுக் கிழவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கனவில் வந்ததாம். போனை எடுத்து மகனுக்கு அனுப்பப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அவனுக்குப் பொறவு சொல்லலாம். முதல்ல நம்ம வேதாகமத்துல எழுது” என்றார்கள்.

விளக்கைப் போட்டு, “மனைவி” என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்.